மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி: இறப்பர் - அரிசி ஒப்பந்தம் சொல்லும் கணக்கு

தேயிலை ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் 2022ஆம் ஆண்டு என்னிடம் வந்து தன் கஷ்டத்தைச் சொன்னார். ரஷ்யாவிலுள்ள ஒரு வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புவது அவருக்குப் பல வருடப் பழக்கம். உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் பணம் வருவது நின்றுவிட்டது. வாங்கியவர் ஏமாற்றவில்லை. அவர் பணத்தைக் கட்டியிருந்தார். இடையிலிருந்த வெளிநாட்டு வங்கியொன்று தடைச் சட்டங்களுக்குப் பயந்து அந்தப் பணத்தை மேற்கொண்டு அனுப்ப மறுத்துவிட்டது. "நானா, அவங்கட சண்டைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் வித்தது தேயில. துவக்கு இல்லையே" என்று கேட்டார்.

அன்று அவருக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பல வாரங்களுக்குப் பின்னர் அந்தப் பணம் வேறு வழியாக வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவருடைய கேள்வி என் மனதிலேயே இருந்தது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு வல்லரசுகள் யுத்தத்தில் மோதும்போது நடுவில் அகப்படும் சின்ன நாடு அந்த மத்தளம்தான். அந்த நாட்டில் கடை வைத்திருக்கும் நாமும் அதன் தோல்தான்.

இந்த நிலைமை நமக்குப் புதிதல்ல. 70 வருடங்களுக்கு முன்னர் இதே நாடு இதைவிடப் பெரிய ஒரு மோதலின் நடுவில் அகப்பட்டது. அப்போது செய்யப்பட்டதுதான் 1952ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி ஒப்பந்தம். பாடசாலைப் புத்தகத்தில் அதை ஒரு வரியில் படித்திருப்போம். ஒரு வியாபாரியின் கண்ணால் அதைப் படித்தால் கிடைக்கும் விடயங்கள் வேறு. இந்த வாரம் அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

கொரிய யுத்தம் கொண்டுவந்த காசு

1950 ஜூன் 25ஆம் திகதி கொரிய யுத்தம் வெடித்தது. ஒரு பக்கம் ஐக்கிய அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும். அவ்வருடம் ஒக்டோபரில் மறு பக்கத்தில் சீனா தன் படைகளை இறக்கியது. யுத்தத்துக்கு லொறி வேண்டும், லொறிக்கு டயர் வேண்டும், டயருக்கு இறப்பர் வேண்டும். ஒவ்வொரு நாடும் இறப்பரை வாங்கிக் களஞ்சியப்படுத்தத் தொடங்கியது. விலை ஏறியது. 1950 கடைசியிலும் 1951 தொடக்கத்திலும் அது உச்சத்தில் நின்றது.

அன்றைய இலங்கையின் ஏற்றுமதி என்பது தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றும்தான். வருடத்துக்குச் சுமார் 1 இலட்சம் தொன் இறப்பர் இங்கே உற்பத்தியானது. பெரிய தோட்டங்கள் ஒரு பக்கம் இருக்க, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் ஓரிரு ஏக்கர் இறப்பர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர்கள் ஏராளம். அவர்களிடம் ஷீட் இறப்பரை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் கடைகளை அந்த ஊர்களில் நடத்தியவர்களில் நமது ஆட்களும் கணிசமானவர்கள். விலை ஏறியபோது சிறு தோட்டக்காரன் கையில் காசு புழங்கியது. அந்தக் காசு புடைவைக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் வந்தது.

ஆனால் அது யுத்தம் கொண்டுவந்த காசு. சூரத்து யூசுபில் வரும் ஏழு செழிப்பான வருடங்களின் சம்பவத்தை நாம் ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். செழிப்பான காலத்தில் ஒதுக்கி வைத்தவன்தான் பஞ்ச காலத்தில் பிழைப்பான் என்பது அதன் வியாபாரப் பாடம். நமது நாட்டில் அந்தப் பணத்தின் பெரும்பகுதி இறக்குமதியிலும் உணவு மானியத்திலும் கரைந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு அடி

1952ஆம் ஆண்டு இரண்டு அடிகள் ஒன்றாக விழுந்தன.

முதலாவது அடி இறப்பர் விலை. அமெரிக்கா தனது நாட்டுக்கு வரும் இயற்கை இறப்பர் முழுவதையும் அரசாங்கமே வாங்கும் ஏற்பாட்டைச் செய்தது. பல கம்பனிகள் போட்டியிட்டு வாங்கிய சந்தையில் இப்போது ஒரே ஒரு பெரிய கொள்வனவாளன். அத்துடன் இரண்டாம் உலக யுத்தத்தின் பின் மூடி வைத்திருந்த செயற்கை இறப்பர் தொழிற்சாலைகளையும் அமெரிக்கா மீண்டும் இயக்கியது. களஞ்சியமும் நிரம்பியது. 1952 முடியும்போது இறப்பர் விலை உச்ச விலையின் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டாவது அடி அரிசி. அன்று 80 இலட்சம் பேரளவில் வாழ்ந்த இந்நாடு தனது அரிசியில் பாதிக்கும் மேலானதை வெளியிலிருந்தே கொண்டுவந்தது. அரசாங்கம் கூப்பனுக்கு அரிசியை மலிவு விலையில் கொடுத்து வந்தது. பர்மாவும் தாய்லாந்தும்தான் பிரதான விற்பனையாளர்கள். அந்த வருடம் ஆசியா எங்கும் அரிசித் தட்டுப்பாடு. விலை உயர்ந்தது. காசு கொடுத்தாலும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. அமெரிக்க அரிசியை வாங்குவதென்றால் டொலர் வேண்டும். ஸ்ரேலிங் வலயத்திலிருந்த இலங்கையிடம் டொலர் தாராளமாக இல்லை.

விற்கும் பொருளின் விலை இறங்குகிறது, வாங்கும் பொருளின் விலை ஏறுகிறது. எந்தக் கடைக்கும் இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. இதே வருடம் மார்ச் 22ஆம் திகதி பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க காலமானார். மகன் டட்லி சேனாநாயக்க பதவியேற்று, மே மாதத் தேர்தலிலும் வென்றார். அவருடைய மேசையில் முதலில் வந்து விழுந்த பிரச்சினை அரிசி.

சட்டம் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்

இந்த நேரத்தில் இறப்பருக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு நாடு இருந்தது. அது சீனா. 1951 மே 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் யுத்தத்துக்கு உதவும் பொருட்களை அனுப்பக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. உலகின் பெரிய இறப்பர் உற்பத்தியாளர்களில் ஒன்றான மலாயா அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடு. லண்டன் சொன்னபடி மலாயா சீனாவுக்கு இறப்பர் விற்பதை நிறுத்தியது. மலாயாவின் தோட்டக்காரனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அதே வருடம் ஒக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த அலபாமா உறுப்பினரின் பெயரால் அதனை பெற்றில் சட்டம் என்பார்கள். கம்யூனிச நாடுகளுக்கு யுத்த முக்கியத்துவமுள்ள பொருட்களை விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இலங்கை 1948இலேயே ஐக்கிய நாடுகள் சபையில் சேர விண்ணப்பித்தது. அதைத் தனது வீட்டோவால் தடுத்தது சோவியத் யூனியன். 1955 டிசம்பரில்தான் நாம் உறுப்பினரானோம். எனவே 1951ஆம் ஆண்டுத் தடைத் தீர்மானத்துக்கு வாக்களித்தவர்களில் நாம் இல்லை. உறுப்பினர் அல்லாத எங்களை அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்க இலங்கைக்கு இடம் இருந்தது. கம்யூனிச ரஷ்யா மூடிய கதவுதான், கம்யூனிச சீனாவுக்கு இறப்பர் விற்க ஒரு வழியைத் திறந்து வைத்தது.

பீக்கிங் போன வர்த்தக அமைச்சர்

அன்றைய ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் கம்யூனிசத்தை வெறுத்த அரசாங்கம். 1950 ஜனவரியில் சீனாவின் புதிய அரசாங்கத்தை அங்கீகரித்திருந்தாலும் இரண்டு நாடுகளுக்குமிடையில் தூதரகம் கூட இருக்கவில்லை. எனவே முதலில் அமெரிக்காவுடன்தான் பேசினார்கள். இறப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்கு உதவியும் கிடைக்குமா என்று பார்த்தார்கள். அமெரிக்கா சந்தை விலைக்கு மேல் கொடுக்க ஆயத்தமாக இருக்கவில்லை.

அதன் பின்னர் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் சென்றார். 1952 ஒக்டோபர் 4ஆம் திகதி உடனடித் தேவைக்காக 80,000 மெற்றிக் தொன் அரிசி வாங்கும் உடன்பாடு கைச்சாத்தானது. டிசம்பர் 18ஆம் திகதி பிரதான ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து வருட காலத்துக்கு, வருடத்துக்கு இலங்கை 50,000 மெற்றிக் தொன் ஷீட் இறப்பர் கொடுக்கும். சீனா 270,000 மெற்றிக் தொன் அரிசி கொடுக்கும். நமது இறப்பர் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி, நமது அரிசி இறக்குமதித் தேவையில் பாதிக்கும் மேல்.

பலர் இதைப் பண்டமாற்று என்று சொல்வார்கள். நாலு மூடை நெல்லுக்கு ஒரு மாடு என்ற மாதிரியான பண்டமாற்று அல்ல இது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே விலை போடப்பட்டது. முதல் வருடத்துக்கு இறப்பர் இறாத்தலுக்கு 32 பென்ஸ், அரிசி மெற்றிக் தொன்னுக்கு 54 பவுண். கடுதாசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 மெற்றிக் தொன் என்பது 11 கோடி இறாத்தலுக்குச் சற்று அதிகம். அதன் பெறுமதி சுமார் 1 கோடி 47 இலட்சம் பவுண். 270,000 தொன் அரிசியின் பெறுமதி சுமார் 1 கோடி 46 இலட்சம் பவுண். ஏறக்குறைய ஒரே தொகை. இரண்டு கப்பலும் ஓடினால் யாரும் யாருக்கும் டொலர் தேட வேண்டியதில்லை.

இறப்பருக்கு சீனா கொடுத்தது அன்றைய சந்தை விலையிலும் பார்க்கக் கூடுதல் விலை. அரிசியை நாம் வாங்கியது வேறு இடங்களில் கேட்ட விலையிலும் பார்க்கக் குறைந்த விலை. இரு பக்கமும் நமக்கு இலாபம். அளவு ஐந்து வருடத்துக்கு நிச்சயம். விலையை மட்டும் காலத்துக்குக் காலம் பேசித் தீர்மானிப்பது. நீண்ட கால ஒப்பந்தம் போடுகிற வியாபாரிகள் இந்த அமைப்பைக் கவனத்தில் எடுக்க வேண்டும். அளவைக் கட்டினால் நிம்மதி. விலையை ஐந்து வருடத்துக்குக் கட்டினால் ஒருவர் நிச்சயம் அழுவார்.

சீனா ஏன் கூட்டிக் கொடுத்தது? நம்மேல் உள்ள அன்பினால் அல்ல. மலாயாக் கதவு மூடியிருந்தது. விற்பதற்குத் துணிந்த ஒரே கடை நமது கடை. அந்தத் துணிச்சலுக்கான விலைதான் அந்த மேலதிக பென்ஸ்.

அமெரிக்கா என்ன செய்தது?

அமெரிக்கா கோபித்தது. பெற்றில் சட்டத்தின்படி இலங்கைக்கான உதவி நிறுத்தப்பட்டது. ஆனால் நிறுத்துவதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. 1950இல் தொழில்நுட்ப உதவி உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகியிருந்தது. அதன் கீழ் வந்தது சிறிய தொகைதான். ஒரு பக்கத் தராசில் அந்தச் சிறிய உதவி. மறு பக்கத் தராசில் 270,000 தொன் அரிசியும் பாதி இறப்பருக்கு நல்ல விலையும். எந்தத் தட்டு தாழும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எனது நண்பரின் கேள்விக்குரிய முதல் பதில் இருக்கிறது. மிரட்டல் யார்மீது வேலை செய்யும் என்றால், மிரட்டுபவனிடம் கைநீட்டி நிற்பவன்மீது. அமெரிக்காவிடம் பெரும் உதவி பெற்ற நாடு எதுவும் அன்று இந்த ஒப்பந்தத்தைச் செய்திருக்க முடியாது. இலங்கையால் முடிந்தது, அது வீர நாடு என்பதால் அல்ல, அமெரிக்காவிடம் அதன் கடன் கணக்கு சிறியது என்பதால்.

ஒப்பந்தம் அரசாங்கத்தைக் காப்பாற்றவில்லை

கதை இத்துடன் முடிந்தால் சுபமாக இருக்கும். ஆனால் முடியவில்லை.

சீன அரிசி வந்தது. எனினும் திறைசேரியின் ஓட்டை அடைபடவில்லை. மிச்சப் பாதி இறப்பர் வீழ்ந்த விலையில்தான் போனது. அரிசி மானியம் தொடர்ந்து பணத்தை விழுங்கியது. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு குறைந்துகொண்டே போனது. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தின்போது ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானிய யுத்தக் கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

கொரியாவில் ஜூலை 27ஆம் திகதி யுத்த நிறுத்தம் கைச்சாத்தாகி இரண்டு வாரம் கூட ஆகியிருக்கவில்லை, கொழும்பில் அமைச்சரவை கப்பலேறும் நிலைமை வந்தது என்று சொன்னால் கணக்கில் சில நாட்கள்தான் பிழைக்கும். எங்கோ நடந்த யுத்தம் ஏற்றிவிட்ட விலையும் இறக்கிவிட்ட விலையும் நமது கூப்பன் கடை வாசலில் வந்து வெடித்தன. அன்று கடை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் கொரியா எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பார்கள்?

டட்லிக்குப் பின் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல கம்யூனிசத்தை மேடைக்கு மேடை சாடியவர். அவரும் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. கொள்கை வேறு, கணக்குப் புத்தகம் வேறு என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

நெருக்கடி விலை நிரந்தர விலை அல்ல

1956ஆம் ஆண்டு மலாயா மீண்டும் சீனாவுக்கு இறப்பர் விற்கத் தொடங்கியது. உடனே நமது கடையின் மவுசு குறைந்தது. 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது சந்தை விலைக்கு மேலான அந்தப் பழைய கூடுதல் விலை இல்லை. அதற்குப் பதிலாக இறப்பர் தோட்டங்களைப் புனரமைக்க ஐந்து வருடத்துக்கு 7 கோடி 50 இலட்சம் ரூபா உதவி தர சீனா இணங்கியது. அதே வருடம் பெப்ரவரியில் இராஜதந்திர உறவும் ஏற்பட்டிருந்தது. அமெரிக்க உதவியும் 1956இலிருந்து மீண்டும் வரத் தொடங்கியது. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

புனரமைப்பு என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய இயற்கை இறப்பர் மூலம் இலங்கைதான். யுத்தத் தேவைக்காக இங்கே மரங்களை ஈவிரக்கமின்றி வெட்டிப் பால் எடுத்தார்கள். யுத்தம் முடிந்தபோது பல தோட்டங்களில் மரம் நின்றது, பால் இல்லை. மீள்நடுகைக்கான மானியத் திட்டம் 1953இல்தான் தொடங்கியது. முதல் யுத்தக் காசு மரத்தைத் தின்றது. இரண்டாவது யுத்தக் காசின் காலத்திலாவது மரம் நடத் தொடங்கினார்கள். என் பார்வையில் முழு வரலாற்றிலும் மிகப் பயனுள்ள செலவு அதுதான். விலை மறைந்த பின்னும் மரம் நின்றது.

துருக்கியின் குரோம்

இது இலங்கைக்கு மட்டும் நடந்ததல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் துருக்கி நடுநிலை வகித்தது. உருக்கைப் பலப்படுத்தத் தேவையான குரோம் தாது துருக்கியில் இருந்தது. பிரித்தானியாவுக்கும் அது வேண்டும், ஜேர்மனிக்கும் அது வேண்டும். 1940 ஜனவரியில் பிரித்தானியாவும் பிரான்ஸும் துருக்கியின் குரோமை வாங்க ஒப்பந்தம் செய்தன. துருக்கி கெட்டிக்காரத்தனமாக, குரோம் வேண்டுமானால் எங்கள் உலர்ந்த பழங்களையும் வாங்குங்கள் என்று சேர்த்து விற்றது. விலைபோகாத சரக்கை விலைபோகும் சரக்குடன் கட்டி விற்கும் வித்தை நம்மவர்களுக்கும் தெரியும்தானே.

ஆனால் அது நீண்ட கால ஒப்பந்தமாக அமையவில்லை. அது முடியும் காலத்தைப் பார்த்திருந்த ஜேர்மனி, 1943இலிருந்து தனக்குக் குரோம் தரும்படி 1941 ஒக்டோபரிலேயே துருக்கியுடன் பேசி முடித்துவிட்டது. யுத்தத்தின் போக்கு மாறியபோது நேச நாடுகள் அழுத்தம் கொடுத்தன. 1944 ஏப்ரலில் துருக்கி ஜேர்மனிக்குக் குரோம் அனுப்புவதை நிறுத்தியது. 1945 பெப்ரவரியில், யுத்தம் முடியப் போகும் நேரத்தில், ஜேர்மனிக்கு எதிராக யுத்தப் பிரகடனமும் செய்தது.

நடுநிலை என்பது ஓரிடத்தில் அசையாமல் நிற்பதல்ல என்பதை இது காட்டுகிறது. எந்தப் பக்கம் பலம் கூடுகிறதோ அந்தப் பக்கத்தின் சொல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கிப் போவதுதான் பெரும்பாலும் சின்ன நாட்டின் நடுநிலை. சொந்தப் பொருளுக்குக் கேள்வி இருக்கும்வரை மட்டும் அதற்குப் பேரம் பேச முடியும்.

விற்றது சரியா?

ஒரு முஸ்லிம் வியாபாரி இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. நாம் விற்ற இறப்பர் யுத்த லொறியின் டயராக மாறியிருக்கலாம். யுத்தம் செய்பவனுக்கு ஆயுதம் விற்பது பற்றி நமது மார்க்க அறிஞர்கள் கடுமையாகவே பேசியிருக்கிறார்கள். இறப்பர் ஆயுதமல்ல. சைக்கிளுக்கும் அது வேண்டும், செருப்புக்கும் வேண்டும். அதே நேரம் அமெரிக்காவும் நமது இறப்பரைத் தனது யுத்தத்துக்காகத்தான் களஞ்சியப்படுத்தியது. அந்தப் பக்கத்துக்கு விற்றால் வியாபாரம், இந்தப் பக்கத்துக்கு விற்றால் குற்றம் என்பது வல்லரசின் அளவுகோல்.

பசித்த மக்களுக்கு அரிசி கொண்டுவருவது ஓர் அரசாங்கத்தின் கடமை என்பதால் அன்று செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் அரிசி. மேலதிக இலாபம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எனது பதில் வேறாக இருந்திருக்கும். தடை விதிக்கப்பட்ட இடத்துக்கு மும்மடங்கு விலையில் சரக்கு அனுப்ப யாராவது அழைத்தால், இந்த வேறுபாட்டை நாமும் நம்மிடமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்றைய கடைக்கு இதில் என்ன இருக்கிறது?

அதே பாதையில் நாம் இப்போதும் நடக்கிறோம். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடனை, தடைகள் காரணமாக வங்கி வழியாகத் தீர்க்க முடியாதபோது, தேயிலை கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பாடு செய்தது. 2023இல் அந்த முறையில் தேயிலை போகத் தொடங்கியது. இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம், அங்கே கடன் கழிகிறது. 1952இன் அதே கணக்குத்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரியை அறிவித்து, பேச்சுவார்த்தைகளின் பின் ஆகஸ்டில் அதை 20 வீதமாகக் குறைத்தபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த ஆடைத் தொழிற்சாலைகள் பட்ட பதற்றத்தையும் நாம் பார்த்தோம்.

எனவே வர்த்தக சகோதரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில விடயங்கள்தான்.

ஒன்று, உங்களை மிரட்டக்கூடியவரிடம் உங்கள் கடன் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே மொத்த வியாபாரியிடம் மூன்று மாதக் கடனில் முழுக் கடையையும் நிரப்பியவர் அவர் சொல்லும் விலைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கடனை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்திருப்பவர் சொல்ல முடியும்.

இரண்டு, நெருக்கடியில் கிடைக்கும் கூடுதல் விலைக்கு முடிவுத் திகதி உண்டு. அதை நம்பி வீட்டைக் கட்டாதீர்கள், வாகனத்தை லீசிங்கில் எடுக்காதீர்கள். பழைய கடனை அடையுங்கள், அல்லது மரம் நடுங்கள். அதாவது விலை மறைந்த பின்னும் வருமானம் தரும் ஒன்றில் போடுங்கள்.

மூன்று, சரக்கு நல்லதா, வாங்குபவர் நல்லவரா என்று பார்ப்பதுடன் பணம் வரும் பாதையையும் பாருங்கள். எந்த நாட்டு நாணயம், இடையில் எந்த நாட்டு வங்கி, அந்த நாடு வாங்குபவரின் நாட்டுடன் எப்படி இருக்கிறது என்பவற்றைச் சரக்கு ஏற்றுவதற்கு முன்னரே உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். எனது நண்பரின் சரக்கில் பிழையிருக்கவில்லை. வாங்கியவரிலும் பிழையிருக்கவில்லை. பாதையில்தான் பிழை இருந்தது.

நான்கு, இரண்டு பெரியவர்கள் சண்டையிடும்போது ஒருவருக்காக மற்றவரைத் திட்டாதீர்கள். 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் விற்றது. ஆனால் மீதி இறப்பரை மற்றவர்களுக்கு விற்பதை நிறுத்தவில்லை. நான்கு வருடத்தில் அமெரிக்க உதவியும் திரும்பி வந்தது. கதவைச் சாத்தலாம், உடைக்கக் கூடாது.

"அவங்கட சண்டைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்ட நண்பரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். இப்போது அவர் தேயிலையை மூன்று நாடுகளுக்கு அனுப்புகிறார். எந்த நாட்டுக்கும் மொத்தச் சரக்கில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார். ரஷ்ய வாடிக்கையாளரையும் விட்டுவிடவில்லை. "சம்பந்தம் இருக்கு நானா" என்றார். "கப்பல் ஏத்துறதுக்கு முந்தி இப்ப பத்திரிகைல வெளிநாட்டுப் பக்கத்த முதல்ல வாசிக்கிறன்."

அதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், வெளிநாட்டுக் கொள்வனவில் நாணயக் கடிதம் திறக்கும்போது கவனிக்க வேண்டிய நிபந்தனைகள் பற்றிப் பார்ப்போம்.